உறுப்புப் படம் அப்புறம், முதலில் குதிக்கட்டும்

சின்னப் பிள்ளைகளுக்கு இதயம், நுரையீரல், வயிறு என்று ஒவ்வொன்றாகப் படம் காட்டினால் பெயர்களை மனப்பாடம் செய்துவிடுவார்கள், ஆனால் இவை எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்கின்றன என்பது பிடிபடாது. அதற்கு அவர்கள் உடம்பே போதும்.

பிள்ளையைச் சும்மா உட்காரவைத்து, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக உங்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து 30 விநாடி நாடித்துடிப்பை எண்ணுங்கள் (உங்கள் கட்டைவிரலால் தொடாதீர்கள், அதிலும் துடிப்பு உண்டு, குழப்பிவிடும்). அப்புறம் ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே குதிக்கவிட்டு உடனே மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை கூடியிருக்கும், மூச்சு வாங்கும், முகம் சூடாகும், சிலருக்கு வியர்க்கும்.

இப்போது விளக்கத்தைக் கொட்டாமல், "குதிச்சது கால்தானே, நெஞ்சு ஏன் இப்படி அடிக்குது?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விதான் முக்கியம், அவர்களாக எதையாவது சொல்லும்வரை பொறுத்திருங்கள். பிறகு சொல்லலாம்: குதிக்கச் சொன்னது மூளை, அந்தச் செய்தி நரம்பு வழியாகப் போய்த் தசை சுருங்கி எலும்பை இழுத்தது, தசைக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்பட்டதால் நுரையீரல் வேகமாக மூச்சை இழுக்க, இதயம் அதை ரத்தத்தோடு வேகவேகமாகத் தள்ளியது. சக்தி, சாப்பிட்டதிலிருந்து வந்தது. சூட்டைத் தணிக்கத்தான் வியர்வை.

ரொம்பச் சின்னப் பிள்ளை என்றால் எண்ணவே வேண்டாம், நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாலே புரியும். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ள பிள்ளை இருந்தால் நீங்கள் குதியுங்கள், உங்கள் நாடியை அது எண்ணட்டும்.