டோவரில் ஓர் ஆட்டிறைச்சி லாரி: பிரெக்சிட் வாதங்களை எடைபோடும் முறை

பிரெக்சிட்டில் விட்டு விலகிய ஐரோப்பிய ஒன்றியத்தோடு மீண்டும் நெருங்க வேண்டும் என்று பிரிட்டனில் யார் பேசினாலும் முதலில் கேளுங்கள்: எதில் சேரச் சொல்கிறார்? சுங்க ஒன்றியத்திலா (வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லோரும் ஒரே வரி), ஒற்றைச் சந்தையிலா (பொருளுக்கும் ஆட்களுக்கும் ஒரே விதிகள்), முழு உறுப்பினராகவா? மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புபவர்களில் எம்பிக்களும் உண்டு.

ஆட்டிறைச்சி ஏற்றிய லாரி ஒன்றை, பிரான்ஸுக்குக் கடல் கடக்கும் டோவர் துறைமுகத்தில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்று அதற்குத் தேவை: சுங்கத் தாக்கல், சரக்கு பிரிட்டனில் உற்பத்தியானது என்ற உறுதிமொழி (இருந்தால் 2021 முதல் நடப்பிலுள்ள வணிக ஒப்பந்தப்படி வரி கிடையாது), கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ், அக்கரையில் சோதனை. ஒவ்வொரு யோசனைக்கும் இதில் எந்தக் காகிதம் தேவையில்லாமல் போகிறது என்று பாருங்கள்.

சுங்க ஒன்றியத்தில் சேர்ந்தால் உற்பத்தி உறுதிமொழி போகும். மருத்துவர் கையெழுத்து போகாது. தொழிற்பொருட்களுக்குச் சுங்க ஒன்றியத்தில் இருந்தும் துருக்கியின் காப்பிகுலே எல்லையில் லாரிகள் வரிசை கட்டுகின்றன. தவிர, வெளிநாட்டுச் சரக்குக்கான வரியை லண்டன் தனியே வைக்க முடியாது. 2025 ஜூலையில் இந்தியாவோடு கையெழுத்தான ஒப்பந்தம் சிக்கலாகும்.

நார்வேயைப் போல ஒற்றைச் சந்தையில் சேர்ந்தால் நேர்மாறு. சான்றிதழ் தொல்லை தீரும், ஆனால் சுங்கத் தாக்கல் தொடரும். விவசாயப் பொருள் வரி அந்த ஏற்பாட்டில் முழுதாக அடங்காது, அதைத் தனியே பேசித் தீர்க்க வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆட்கள் தடையின்றி வந்துபோவதையும், வாக்குரிமையில்லாமல் விதிகளை ஏற்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2024 தேர்தல் அறிக்கையில், அந்தத் தேர்தலில் ஆட்சியைப் பிடித்த தொழிற்கட்சி ஒற்றைச் சந்தை, சுங்க ஒன்றியம், தடையற்ற நடமாட்டம் மூன்றையும் மறுத்தது.

அதனால்தான் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் கூடிய 2025 மே 19 லண்டன் மாநாடு சுகாதாரச் சான்றிதழைக் குறிவைக்கும் உணவு ஒப்பந்தம் என்ற சிறிய வழியைப் பிடித்தது. அதற்கும் ஐரோப்பிய உணவு விதிகள் மாறும்போதெல்லாம் கூடவே மாற வேண்டும். அதே நாளில் பிரிட்டிஷ் கடலில் ஐரோப்பியப் படகுகளுக்கான மீன்பிடி அனுமதி 2038 ஜூன் வரை நீண்டதையும் செலவுக் கணக்கில் எழுதுங்கள்.

மறுபடி உறுப்பினராக 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். 1984இல் பிரதமர் தாட்சர் வாங்கிய உறுப்பினர் கட்டணத் தள்ளுபடி தானாகத் திரும்பாது.

"மக்கள் 2016இலேயே சொல்லிவிட்டார்கள்" என்று யாராவது மடக்கினால் பிரெக்சிட் வாக்கெடுப்பின் வாக்குச்சீட்டை நினைவூட்டுங்கள். 51.9 சதவீதம் பேர் விலகச் சொன்னார்கள். சுங்க ஒன்றியம் பற்றி அதில் கேள்வியே இல்லை.