"சமாளிக்கிறன்" என்று எழுதி நான் இழந்த புள்ளிகள்

லண்டனில் ஒரு ஹொஸ்பிட்டல் வோர்டில் 16 வருடம் ஹெல்த் கேர் அசிஸ்டென்டாக இருந்தேன். நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைக்கிறது, கழுவித் துடைக்கிறது, கதிரையில் இருத்துகிறது. ஷிப்ட் பன்னிரண்டரை மணித்தியாலம். உடம்பு முழுக்க நோ என்று அலைந்து அலைந்து, கடைசியில் அதற்கு பைப்ரோமயால்ஜியா என்று பெயர் வைத்தார்கள். பெயர் வந்தது, நோ போகவில்லை.

பிறகு மருத்துவ ஓய்வூதியத்துக்கும் (பென்சன்) பெனிபிட் என்ற அரசு உதவித்தொகைகளுக்கும் விண்ணப்பித்தேன். இரண்டிலும் முதல் தடவை தோல்வி. முக்கால்வாசிக் காரணம் என் வாய்தான். எங்கட ஆட்களை எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "பரவாயில்லை, சமாளிக்கிறன்" என்போம். அந்த ஒரு சொல்லை ஆங்கிலத்தில் போட்டுப் படிவத்தில் எட்டு இடத்தில் எழுதியிருந்தேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை: ஏலாமல் போய்விட்டது என்று வேலையை விட்டு விலகிவிடாதீர்கள். என்.எச்.எஸ். என்ற அரச சுகாதார சேவையின் பென்சன் திட்டத்தில் வேலையில் இருக்கும்போது கேட்பதும் விலகிய பிறகு கேட்பதும் ஒன்றல்ல. விலகியவருக்கு விதி இறுக்கம், கூடுதல் தொகையும் இல்லை. ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு 6 மாதம் முழுச் சம்பளம், 6 மாதம் அரைச் சம்பளம் என்று சிக் பே (நோய் விடுப்புச் சம்பளம்) உண்டு. முழுச் சம்பளம் முடிவதற்குள் பென்சன் விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுங்கள். அதற்கிடையில், 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் கீழ் வேலையில் மாற்றங்கள் செய்து தரச் சொல்லி மனேஜருக்கு எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். என்னைக் கிளினிக் ஒன்றின் வரவேற்பு மேசையில் இருத்திப் பார்த்தார்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல் இருக்க முடியவில்லை. அந்த மூன்று கிழமைப் பரீட்சார்த்தத்தின் குறிப்பு பிறகு எனக்குப் பெரிய சாட்சியாக நின்றது.

அடுத்தது, மூன்று இடமும் மூன்று வெவ்வேறு கேள்வி கேட்கிறது என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். பென்சன்காரர் கேட்பது: இந்த வேலையை ஓய்வு வயது வரைக்கும் செய்ய முடியாதா? பிப் என்ற மாற்றுத்திறன் உதவித்தொகைக்காரர் கேட்பது: வீட்டில் சமைக்க, குளிக்க, உடுக்க, நடக்க என்ன உதவி வேண்டும்? வேலை செய்துகொண்டே பிப் எடுக்கலாம், வங்கியில் காசு இருந்தாலும் எடுக்கலாம். வேலை செய்ய ஏலாதவர்களுக்கான உதவித்தொகையான புதிய வகை ஈ.எஸ்.ஏ. கேட்பது: எந்த வேலைக்குமே ஏலாதா, கடந்த வருடங்களில் நஷனல் இன்சூரன்ஸ் கட்டினீர்களா? ஒரே டொக்டர் கடிதத்தைப் பிரதி எடுத்து மூன்று இடத்துக்கும் அனுப்பினேன் நான். ஒரு இடத்திலும் அது வேலை செய்யவில்லை.

பென்சன் படிவத்தின் பெயர் ஏ.டபிள்யூ. 33ஈ. ஒரு பகுதியை வேலை கொடுப்பவர் நிரப்புவார், ஒன்றை நீங்கள், ஒன்றை ஓக்குபேஷனல் ஹெல்த் (வேலையிடச் சுகாதார) டொக்டர். குறைந்தது 2 வருடம் திட்டத்தில் இருந்திருக்க வேண்டும். முதல் படி உங்கள் சொந்த வேலைக்கு நிரந்தரமாக ஏலாது என்றால். அதுவரை சேர்ந்த பென்சன், வயதுக்கு முன் எடுப்பதற்கான வெட்டு இல்லாமல் வரும். இரண்டாம் படி வேறு எந்த ஒழுங்கான வேலைக்கும் ஏலாது என்றால். 2015 திட்டத்தில் ஓய்வு வயதுக்கு மிச்சமுள்ள வருடங்களில் பாதியைச் சேர்த்துக் கணக்கிடுவார்கள்.

தொடர் நோக்காரருக்குச் சிக்கல் "நிரந்தரம்" என்ற சொல்லில்தான். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, இரத்தப் பரிசோதனையும் சுத்தம். அதனால் அவர்கள் பார்ப்பது, செய்யக்கூடிய சிகிச்சை இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று. நைஸ் என்ற சிகிச்சை வழிகாட்டும் அமைப்பின் 2021 வழிகாட்டுதல் இந்த வகை நோவுக்கு உடற்பயிற்சித் திட்டம், சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சை, அமிட்ரிப்டிலின், டியூலொக்செட்டீன் போன்ற மருந்துகளைச் சொல்கிறது. நான் விண்ணப்பித்தபோது நோ மேலாண்மை வகுப்புக்குக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தேன். "இன்னும் முயன்று முடியவில்லை, நிரந்தரம் என்று சொல்ல முடியாது" என்று பதில் வந்தது. யோசித்துப் பார்த்தால் நியாயமான பதில். வகுப்பு முழுக்கப் போய் முடித்து, அதன் முடிவு அறிக்கையோடு திரும்ப விண்ணப்பித்தேன். முதல் படி கிடைத்தது.

டொக்டரிடம் "எனக்கு ஆதரவாக ஒரு கடிதம் தாங்கோ" என்று கேட்காதீர்கள். உங்கள் வேலை விபரத்தைக் கையில் கொடுத்து, மூன்று விஷயம் எழுதச் சொல்லுங்கள்: இதில் எதெதைச் செய்ய ஏலாது, என்னென்ன மருந்தும் சிகிச்சையும் எந்தத் திகதியில் முயன்றது, மிச்சமிருக்கும் சிகிச்சை வேலைக்குத் திரும்புமளவு ஏன் பலன் தராது. மூன்றாவதை எழுதாத கடிதம் பாதிக் கடிதம். யூனியனில் இருந்தால் இந்தக் கட்டத்திலேயே அவர்களிடம் போங்கள்.

இனி பிப். ஸ்கொட்லாந்தில் இதன் பெயரும் அலுவலகமும் வேறு. போன் எடுத்து விண்ணப்பித்த நாளில் இருந்து கணக்கு, ஆகவே ஆறுதலாக எடுப்போம் என்று இருக்காதீர்கள். படிவத்தை ஒரு மாதத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அன்றாட வாழ்க்கைக்கு 10 விஷயங்கள், நடமாட்டத்துக்கு 2. ஒரு பகுதியில் 8 புள்ளி எடுத்தால் சாதாரண விகிதம், 12க்கு உயர்ந்தது. 2025–26இல் அன்றாட வாழ்க்கைப் பகுதியின் சாதாரண விகிதம் கிழமைக்கு 73.90 பவுண்.

ஐந்து பேருக்குச் சோறு கறி வைக்க ஏலவில்லை என்று எழுதி ஒரு பக்கத்தை வீணாக்கினேன். அவர்கள் கேட்பது, ஒரு ஆளுக்கு ஒரு சாப்பாட்டை, இடுப்பு உயரத்தில் உள்ள அடுப்பில், பச்சைச் சாமானில் இருந்து சமைக்க முடியுமா என்பது. குனிந்து ஓவனில் வைப்பதுகூடக் கணக்கில் இல்லை. தோல் உரிப்பதும் வெட்டுவதும் கணக்கில் உண்டு. அங்கேதான் என் கதை இருந்தது, அதை எழுதவில்லை.

விதியில் நாலு சொல் இருக்கிறது, படிவத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்: ஆபத்தில்லாமல், ஒழுங்காக, திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள். சாதாரண ஆள் எடுக்கும் அதிகபட்ச நேரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் எடுத்தால் உங்களால் முடியாது என்றுதான் கணக்கு. நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வந்தால், பாதிக்கு மேற்பட்ட நாட்களில் என்ன நிலை என்று பார்ப்பார்கள். அதற்கு இரண்டு கிழமை கொப்பி எழுதுங்கள். என் கொப்பியில் ஒரு நாள் இப்படி இருக்கிறது:

"செவ்வாய். ஒரு வெங்காயம் வெட்டினேன். இரண்டாவதில் கத்தி கையில் இருந்து வழுகிச் சிங்குக்குள் விழுந்தது. மிச்சத்தை மகன் வெட்டினான். பின்னேரம் தலை முழுகப் பாத் டப்புக்குள் கால் வைக்க அவர் (கணவர்) கையைப் பிடித்தார். முழுகினதோடு ஈரத்தலையோடு கட்டிலில். எழும்ப ஏழு மணி. புதன்: சமைக்கவில்லை."

அந்த "புதன்" முக்கியம். ஒரு வேலையைச் செய்த பிறகு என்ன நடந்தது என்பதை எழுதாவிட்டால், செய்ய முடிகிறது என்றுதான் வாசிப்பார்கள்.

மதிப்பீடு போனில் வந்தது. எடுத்தவர் மரியாதைக்கு நலம் கேட்டார், நானும் மரியாதைக்கு நல்லாயிருக்கிறேன் என்றேன். அறிக்கையில் அதுவும் இருந்தது. 4 புள்ளி. ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்டேன், மாற்றம் இல்லை. அந்தக் கடிதம் வந்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்தேன். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் களைத்து விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். கடதாசியில் மட்டும் பார்க்கச் சொல்லாமல், நேரில் கேட்கும் விசாரணையைத் தெரிவு செய்யுங்கள். ஒரு நீதிபதி, ஒரு டொக்டர், மாற்றுத்திறன் பற்றித் தெரிந்த ஒருவர் என மூன்று பேர் இருந்தார்கள்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். எனக்கு வந்தவர் தமிழ்நாட்டுப் பிள்ளை. "இரவு முழுக்கக் கால் உளைவு" என்றேன். "மன உளைச்சலா அக்கா?" என்று திருப்பிக் கேட்டார். நல்லவேளை கேட்டார். கேட்காமல் சொல்லியிருந்தால் என் கால் நோ கவலையாகப் போயிருக்கும். ஆகவே உளைவு, குத்து, எரிவு, விறைப்பு என்று உங்கள் சொற்களை எழுதி, ஒவ்வொன்றும் எங்கே, எவ்வளவு நேரம், அப்போது எதைக் கைவிடுகிறீர்கள் என்று பக்கத்தில் குறித்துக் கொண்டுபோங்கள். உள்ளே போவதற்கு முன் அந்தத் தாளை அவரிடம் காட்டலாமா என்று அங்கே இருக்கும் உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

விசாரணையில் டொக்டர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: தலை முழுகின நாளைக்கு அடுத்த நாள் எப்படி? கொப்பியைத் திறந்து வாசித்தேன். சமையலுக்கு 4, குளிப்புக்கு 3, உடுப்புக்கு 2. மொத்தம் 9. நடமாட்டத்துக்குப் போதவில்லை. விண்ணப்பித்த நாளில் இருந்து நிலுவை வந்தது.

ஈ.எஸ்.ஏ.யும் எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பென்சன் கிழமைக்கு 85 பவுணைத் தாண்டினால், தாண்டிய தொகையில் பாதியை ஈ.எஸ்.ஏ.யில் கழிப்பார்கள். பிப்பில் கை வைக்க மாட்டார்கள். முதல் பென்சன் காசு வங்கியில் விழுந்த அன்றே போன் எடுத்துச் சொல்லி, கதைத்தவரின் பெயரையும் நேரத்தையும் அதே கொப்பியில் எழுதி வையுங்கள்.