மலை ஏறியும் எடை இறங்கவில்லையா? கலோரிக் கணக்கில் நாம் கோட்டை விடும் இடங்கள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏற்காடு அடிவாரத்துக்குப் போனால், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சைக்கிளோடு நிற்கும் ஆட்களைப் பார்க்கலாம். என் சித்தப்பா மகனும் அதில் ஒருவன். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏறிவிடுவான். மூன்று மாதம் ஒரு ஞாயிறு விடாமல் ஏறினான். எடை மட்டும் 75 கிலோவிலேயே நின்றது. "என் உடம்பு வாகு அப்படிண்ணா, தண்ணி குடிச்சாலும் ஊதும்" என்றான்.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். அவன் 75 கிலோ, சைக்கிள் 13 கிலோ. இந்த 88 கிலோவைச் சுமார் 1000 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகிறான். பள்ளிக்கூடச் சூத்திரப்படி நிறை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 862 கிலோஜூல் வருகிறது. கிலோகலோரியில் சொன்னால் 206. (பேச்சில் நாம் கலோரி என்பதெல்லாம் இந்தக் கிலோகலோரிதான்.) தசை தான் எரிப்பதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும், மிச்சமெல்லாம் சூடாகப் போய்விடும். ஆகவே மலை ஏற அவனுக்கு ஆகும் செலவு 850 கலோரி சுமார். இறங்கும்போது பிரேக்குக்குத்தான் வேலை, காலுக்கு அதிகம் இல்லை.

850 என்பது நல்ல செலவுதான். ஆனால் மேலே போனதும் என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டேன். இரண்டு பரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட், ஏரிக்கரையில் ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி, சர்க்கரை போட்டு இரண்டு காபி. ஏறி வந்த மொத்தமும் அந்த இலையிலேயே திரும்பி வந்துவிட்டது. வாரத்தில் மற்ற ஆறு நாள் சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லை. அப்புறம் எடை எப்படி இறங்கும்?

இது அவன் ஒருவனுடைய தவறு இல்லை. 1992இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு பிரபலமானது. குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் இளைக்கவில்லை என்று சொன்னவர்களை முறையாக அளந்து பார்த்தார்கள். உண்மையில் சாப்பிட்டதில் கிட்டத்தட்ட பாதி அவர்கள் கணக்கில் வரவே இல்லை. உழைப்பையோ உள்ளதற்கு மேல் பாதி கூட்டிச் சொல்லியிருந்தார்கள். உடம்பு எரிக்கும் வேகத்தில் கோளாறு எதுவும் இல்லை. அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை, மனசு போடும் கணக்கு அப்படி. ஜிம்மில் டிரெட்மில் காட்டும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தாலும் 75 கிலோ ஆளுக்கு மணிக்குச் சுமார் 75 கலோரி செலவாகும். பல மெஷின்கள் அதையும் சேர்த்தே காட்டுகின்றன.

சாப்பாட்டில் கணக்குக்கு வராமல் தப்பிப்பவற்றில் முதலிடம் எண்ணெய்க்கு. மாவுச்சத்து, புரதம் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயும் அதே 9தான். "நல்ல எண்ணெய்தானே" என்று தாராளமாக ஊற்றுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். தாளிக்கிற எண்ணெயைத் தினமும் யாராலும் அளக்க முடியாது. அதனால் மாத மளிகைச் சீட்டை எடுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 8200 கலோரி. நாலு லிட்டரை நாலு பேருக்கும் 30 நாளுக்கும் பிரித்தால் ஆளுக்குத் தினம் 270க்கு மேல் வரும். அந்த 4 லிட்டரை 3 ஆக்கினால், சோற்றில் ஒரு பருக்கை குறைக்காமலே ஆளுக்கு 68 கலோரி மிச்சம்.

தட்டுவடை செட்டைப் பற்றிப் பேசாமல் சேலத்தில் டயட் பேச முடியாது. கீழே ஒரு தட்டுவடை, அதன்மேல் காரச் சட்னியும் புதினாச் சட்னியும், துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே மூடி போல இன்னொரு தட்டுவடை. காய்கறி கண்ணில் படுவதால் சாலட் சாப்பிட்ட திருப்தி வந்துவிடும். பொட்டலம் வாங்கி வந்து சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். பத்துத் தட்டுவடை 80 கிராம். எண்ணெயில் பொரித்த இந்த வகைப் பண்டம் கிராமுக்கு 5 கலோரி அளவில் இருக்கும் என்றால், அஞ்சு செட்டுக்கு 400. காய்கறியின் பங்கு சொற்பம். விடச் சொல்லவில்லை, எனக்கே விட முடியாது. இரண்டு செட்டோடு எழுந்திருக்கலாம், அல்லது அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் கழித்துக்கொள்ளலாம்.

நம் ஊர் ஜவ்வரிசிக்கும் 'லேசான உணவு' என்று ஒரு பெயர். விரதத்துக்குச் சாப்பிடுவதால் வந்த பெயர் போல. குச்சிக்கிழங்கு மாவிலிருந்து செய்வது, கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. உலர்ந்த நிலையில் 100 கிராமுக்கு 350 கலோரிக்குக் குறையாது. அரிசியும் அதே அளவுதான். ஆனால் வெந்த சோறு 100 கிராமுக்கு 130தான், தண்ணீர் சேர்ந்துவிடுகிறது. மொபைல் செயலியில் எழுதுகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பச்சையரிசியின் எண்ணைச் சோற்றின் எடையோடு பெருக்கிவிட்டுப் பயந்து பட்டினி கிடப்பவரும் உண்டு, தலைகீழாகச் செய்துவிட்டு நிம்மதியாக இருப்பவரும் உண்டு.

நாட்டுச்சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாம் எடை விஷயத்தில் சர்க்கரைக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள்தான்.

அடுத்தது எடை மெஷின். முதல் வாரம் 2 கிலோ குறைந்ததும் துள்ளுவோம். அதில் பெரும்பங்கு தண்ணீர். உடம்பில் சேமித்த மாவுச்சத்து கரையும்போது, கிராமுக்கு மூன்று கிராம் அளவில் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகும். ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறக்குறைய 7700 கலோரி பற்றாக்குறை வேண்டும். தினம் 500 குறைத்தாலும் வாரத்துக்கு அரை கிலோவை ஒட்டித்தான் வரும். ஊறுகாய், அப்பளத்தோடு விருந்து சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ ஏறிக் காட்டினால் அது உப்பு பிடித்துவைத்த தண்ணீர். தினம் காலையில் ஒரே நேரத்தில் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள்.

திங்கள் முதல் வெள்ளி வரை தினம் 400 மிச்சம் பிடித்தால் 2000. சனிக்கிழமை பிரியாணி, ஞாயிறு சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று நாளுக்கு 1000 கூடினால் கணக்கு நேராகிவிடும். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் இது எங்கள் வீட்டில் வருஷா வருஷம் நடப்பதுதான்.

ஆத்திரத்தில் ஒரேயடியாகப் பாதியாகக் குறைப்பதும் தவறு. கொழுப்போடு தசையும் கரையும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் குறைக்கவே கூடாது. அஞ்சாறு கிலோ இறங்கிய பிறகு வேகம் மட்டுப்பட்டால் பதற வேண்டாம். இளைத்த உடம்புக்குச் செலவும் குறைவு, அதனால் பழைய கணக்கைத் திருப்பிப் போட வேண்டும்.

தம்பி இப்போதும் ஞாயிறுதோறும் ஏறுகிறான். இட்லியை டப்பாவில் கட்டிக்கொண்டு போகிறான், பஜ்ஜியை மாதம் ஒருமுறை என்று வைத்திருக்கிறான். போன வாரச் சராசரி 72.4. அந்த 2.6 கிலோ சைக்கிளிலேயே தெரிகிறதாம், கடைசி வளைவுகளில் மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது என்கிறான்.