பன்னிரண்டு படிகளை ‘முடித்துவிட்டவர்கள்’ செய்யும் தவறுகள்

குடியை விட்டு இரண்டு மூன்று வருஷம் நன்றாக இருந்தவர் மறுபடி குடித்துவிட்டால், வீட்டில் எல்லோரும் அந்த ஒரு நாளைப் பற்றியே பேசுவார்கள். யாரோடு போனார், என்ன சண்டை, கையில் பணம் எப்படி வந்தது என்று. குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் மீட்டிங்குக்குப் போவதை அவர் எப்போது நிறுத்தினார் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அது சில மாதம் முன்னாலேயே நடந்திருக்கும்.

அந்த மீட்டிங்குகளை நடத்துவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக நின்று குடியை விடும் அமைப்பு. அது 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது, குடியை விட்டு வாழ அது காட்டும் பன்னிரண்டு படிகள் அச்சில் வந்தது 1939-ல். அவற்றை ஒரு கோர்ஸ் மாதிரி எடுத்துக்கொண்டு, முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. மது என்ற பேச்சே முதல் படியில்தான் வருகிறது, பன்னிரண்டாவதில் மற்ற குடிநோயாளிகளைப் பற்றி வருகிறது, நடுவில் இருப்பதெல்லாம் எப்படி வாழ்வது என்பதைப் பற்றியது. அதில் எதை முடிப்பது?

தன் தவறுகளைக் கணக்கெடுக்கும் நாலாம் படிக்குப் பக்கம் பக்கமாக எழுதி, ஐந்தாம் படியில் ஸ்பான்சர், அதாவது தனக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர், முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தவர்கூட, அந்தக் கணக்கைத் தொடர்ந்து பார்க்கச் சொல்லும் பத்தாம் படியை விட்டுவிடுகிறார், அது சின்ன வேலையாகத் தெரிவதால். ராத்திரி படுக்கும் முன் ஒரு நோட்டு, ஐந்து நிமிஷம். இன்றைக்கு யார் மேல் எரிந்து விழுந்தேன், எதை மறைத்தேன், காலையில் யாரிடம் போய் ‘தப்பு என்னுடையதுதான்’ என்று சொல்லவேண்டும். ‘சம்பளம் வந்ததை வீட்டில் சொல்லவில்லை’ என்று நம் கையாலேயே எழுதியதைப் படித்தால், எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறோம் என்று தெரிந்துவிடும். குடிக்கும் முன்பே தெரிந்துவிடும், அதனால்தான் இந்தப் படியை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நம்மால் கேடு அடைந்தவர்களுக்கு ஈடு செய்யச் சொல்லும் ஒன்பதாம் படியை மன்னிப்புக் கேட்பதோடு நிறுத்திவிடுவது இன்னொன்று. மனைவியின் நகையை அடகு வைத்துக் குடித்தவர் மாதாமாதம் வட்டி கட்டி, அசலையும் அடைத்து, அதை மீட்டு அவர் கையில் கொடுக்கவேண்டும். அதற்கு வருஷக்கணக்கில் ஆகலாம், ஆகட்டும். அதே சமயம், நம் மனப்பாரம் இறங்கவேண்டும் என்பதற்காகப் பழைய ரகசியத்தை உடைத்து இன்னொருவர் குடும்பத்தைக் கலைக்கக் கூடாது. அவர்களுக்கோ மற்றவர்களுக்கோ கேடு வரும் என்றால் வேண்டாம் என்று அந்தப் படியிலேயே இருக்கிறது, ஸ்பான்சரிடம் கேட்காமல் இறங்காதீர்கள்.

கடவுள் நம்பிக்கை இல்லை என்று சிலர், வாழ்க்கையைக் கடவுளிடம் ஒப்படைக்கச் சொல்லும் மூன்றாம் படியோடு நின்றுவிடுகிறார்கள். கடவுளை ‘நாம் புரிந்துகொண்டபடி’ என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது, குழுவையே அந்தக் கடவுள் இடத்தில் வைத்துக்கொண்டு நடப்பவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் மாத்திரை விஷயம். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுபவரிடம் ‘அதுவும் போதைதான், நிறுத்து’ என்று சொல்லும் மூத்த உறுப்பினர் பெரிய தீங்கு செய்கிறார். அதை முடிவு செய்யவேண்டியவர் டாக்டர்.

சரி, சறுக்கிவிட்டீர்கள். ‘எந்த முகத்தோடு திரும்பிப் போவது’ என்று மாதக்கணக்கில் ஒளிந்திருக்காதீர்கள். உறுப்பினராக இருக்கக் கேட்கப்படும் தகுதி ஒன்றே ஒன்று, குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம். அது இருந்தால் நாளைக்கே போகலாம். ஆனால் பல நாள் விடாமல் குடித்திருந்தால் வீட்டிலேயே சட்டென்று நிறுத்திப் பார்க்காதீர்கள், வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் மீட்டிங்.