எலும்பு அறுவைக்கு முன் தோலில் கிருமிநாசினி போடும் முறை

1865-இல் கிளாஸ்கோவில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் திறந்த காயத்துக்கு அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலம் என்ற கிருமிநாசினியில் நனைத்த துணியால் கட்டுப் போட்டார். கால் தப்பியது. இன்று மருந்துகள் மாறிவிட்டன, கிருமித் தொற்று பற்றிய பயம் மாறவில்லை. எலும்பை இணைக்கும் உலோகப் பிளேட்டிலோ செயற்கை மூட்டிலோ கிருமி ஒட்டிப் படலம் கட்டிவிட்டால் ஆன்டிபயாடிக் அதைத் தொடுவது கடினம். உலோகத்தையே கழற்ற வேண்டி வரலாம். ஆபரேஷன் தியேட்டருக்குப் புதிதாக வருபவர்கள் இந்த வேலையைப் பொறுமையாகப் பழகுங்கள்.

1. முடியை எடுத்தே ஆக வேண்டுமென்றால் கிளிப்பர் மட்டும். சவரக்கத்தி கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும், கிருமி அங்கேதான் குடியேறும்.

2. அலர்ஜி உண்டா என்று கேட்டுவிட்டு மருந்தைத் தேர்ந்தெடுங்கள். தோல் முழுதாக இருந்தால் 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 2% குளோர்ஹெக்சிடின் போன்ற ஆல்கஹால் கலவை. திறந்த காயம் என்றால் ஆல்கஹால் கூடாது. தண்ணீரில் கரைத்த 10% போவிடோன் அயோடின் எடுக்கலாம்.

3. டூர்னிகெட் (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டை) கட்டுவதானால், அதன் விளிம்பை ஒட்டும் டிரேப்பால் (அறுவை விரிப்பு) முதலில் அடைத்துவிடுங்கள். மருந்து உள்ளே வழிந்து பட்டைக்கு அடியிலுள்ள பஞ்சு நனைந்தால், அறுவை முடிவதற்குள் தோல் வெந்துபோகும்.

4. ஒருவர் காலைத் தூக்கிப் பிடிக்க, வெட்டும் இடத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றிலும் பூசுங்கள். விரலிடுக்குகள் கடைசியில். அங்கே பட்ட ஸ்வாபை மறுபடி மேலே கொண்டுவராதீர்கள்.

5. காய விடுங்கள். அவசரத்தில் பலர் தவறுவது இங்கேதான். ஆல்கஹால் கலவைக்கு முடியில்லாத தோலில் குறைந்தது 3 நிமிடம் வேண்டும், முடி நனைந்திருந்தால் இன்னும் நிறைய. துணியால் ஒற்றி எடுத்தால் மருந்து வேலை செய்ய நேரமே கிடைக்காது. ஈரத்தோடு டிரேப் போட்டால் அடியில் ஆல்கஹால் ஆவி தேங்கும், டயாதெர்மியின் (மின்சாரத்தால் திசுவை வெட்டும் கருவி) பொறி பட்டால் தீப்பிடிக்கும். முதுகுக்கடியிலும் தொடை மடிப்பிலும் தேங்கியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

6. மூட்டு மாற்றில், காயத்தை மூடுமுன் சில சர்ஜன்கள் 0.35% போவிடோன் அயோடின் கேட்பார்கள். 500 மில்லி சலைனில் 17.5 மில்லி ஸ்டெரைல் 10% கரைசல் கலந்தால் அந்த அளவு வரும். 3 நிமிடம் ஊறவிட்டு, வெறும் சலைனால் நன்றாகக் கழுவிவிட வேண்டும்.