தரங்கம்பாடியை நடந்து படிப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் டேனிஷ்காரர்கள் (டென்மார்க் நாட்டவர்) கட்டிய கடற்கரைக் கோட்டைக்கு நேரே போய், படம் எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். ஊரின் கதை அப்படிப் புரியாது. கதை நகர வாசலில் தொடங்குகிறது. மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, குறிப்பேடு போதும். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் வெயிலுக்கு முன் தெருவை முடித்துவிடலாம். கோட்டை அருங்காட்சியகத்தின் விடுமுறை நாளையும் திறக்கும் நேரத்தையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 1: வாசல். மயிலாடுதுறை அல்லது காரைக்காலிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, வெள்ளை நிற நகர வாசலுக்கு முன் நில்லுங்கள். இன்றிருக்கும் வாசல் 1792-இல் கட்டியது, கோட்டையோ 1620. இந்த இரண்டு ஆண்டுகளையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றவற்றை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

படி 2: ராஜா வீதி. வாசலிலிருந்து கடலை நோக்கி நேராகப் போகும் தெரு இதுதான். சீயோன் தேவாலயம் 1701-இல் டேனிஷ்காரர்களின் வழிபாட்டுக்காக எழுந்தது. புதிய எருசலேம் தேவாலயம் 1718-இல் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காக எழுந்தது. அதன் முகப்பில் கிரீடத்துக்குக் கீழே பின்னிய எழுத்துகளைத் தேடுங்கள். அது டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரை. 1706-இல் இங்கே வந்திறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்குவை அனுப்பிய அதே அரசர். சீகன்பால்குவின் கல்லறையும் உள்ளேதான், அவர் இறந்தது 1719-இல். ‘புதிய’ என்ற சொல்லைக் கவனித்தீர்களா? 1707-இல் கட்டிய பழைய எருசலேம் தேவாலயம் கடலுக்குப் போய்விட்டது.

வீடுகளின் வயதைத் தோற்றத்தை வைத்துச் சொல்லிவிடாதீர்கள். பல கட்டடங்கள் அண்மையில் புதுப்பிக்கப்பட்டவை; புதுச் சுண்ணாம்புப் பூச்சு பழைய சுவரை மறைத்திருக்கும்.

படி 3: கோட்டை. தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ் கடற்படைத் தளபதி ஓவே கெட்டே கட்டத் தொடங்கியது. கீழ்த்தளத்தின் கிடங்குகளையும் அறைகளையும் பார்த்த பிறகே மாடிக்கு ஏறுங்கள். கீழே சரக்கு, மேலே அதிகாரியின் இருப்பிடம். டேனிஷ்காரரின் வணிகக் குழுமம் எப்படி இயங்கியது என்பது அந்த அமைப்பிலேயே தெரியும். இங்கே பலரும் செய்யும் பிழை, டேனிஷையும் டச்சையும் ஒன்றாக்குவது. டச்சுக்காரர் நெதர்லாந்திலிருந்து வந்தவர்கள். 1658-இல் நாகப்பட்டினத்தைப் பிடித்தவர்கள் அவர்கள்தான். டேனிஷ்காரர் 1845-இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

படி 4: மாசிலாமணிநாதர் கோயில். இதை விட்டுவிட்டால் ஊரே டேனிஷ்காரர் உண்டாக்கியது என்ற எண்ணம் ஒட்டிக்கொள்ளும். கோட்டையிலிருந்து கரையோரமாக வடக்கே நடங்கள். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், கோட்டைக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே எழுந்த கோயில் இது. கல்வெட்டு இந்த ஊரைச் ‘சடங்கன்பாடி’ என்கிறது. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோயிருக்கிறது. அலைத்தடுப்புப் பாறைகள் வழுக்கும். படத்துக்காக அவற்றின் மேல் ஏறாதீர்கள்.