மனக்கசப்பைச் சொல்லும் ஸ்பானிஷ் சொற்கள்: வினையோடு சேர்த்துப் படியுங்கள்

உணர்ச்சிகளுக்கான சொற்களை ஸ்பானிஷில் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் பேசும்போது நாக்கில் வந்து நிற்காது. கூடவரும் வினையோடும் முன்னிடைச்சொல்லோடும் சேர்த்தே படியுங்கள்.

'ரென்கோர்' என்றால் வன்மம். அதனோடு வரும் வினை 'குவார்தார்', அதாவது பத்திரப்படுத்தி வைப்பது. மனதில் வைத்துக்கொள்வது என்று நாமும் சொல்கிறோமே, அதனால் நமக்கு இது சட்டென்று பிடிபடும். முதலில் 'நோ தே குவார்தோ ரென்கோர்' என்ற முழு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்: உன் மேல் எனக்கு வன்மம் இல்லை. 'தே' இருக்கும் இடத்தில் 'லே' போட்டால் அவர் மேல் என்றாகிவிடும். சரி, ஒரே வாக்கியத்தில் இலக்கணமும் வந்துவிட்டது.

பலர் தடுமாறும் இடம் 'சேர்', 'எஸ்தார்' வேறுபாடு. இரண்டுமே 'இருப்பது' என்று பொருள்படும் வினைகள்; 'அவர்' என்று வரும்போது 'எஸ்', 'எஸ்தா' என்றாகும். 'எஸ் ரென்கொரோசோ' என்றால் எதையும் மறக்காமல் கறுவிக்கொண்டிருப்பது அவர் சுபாவம். 'எஸ்தா ரெசென்தீதோ கொன்மீகோ' என்றால் இப்போது என் மேல் மனத்தாங்கலாக இருக்கிறார், அவ்வளவுதான். மாற்றிச் சொன்னால் ஒருவரின் குணத்தையே குறை சொன்னதாகிவிடும், கவனம். பெண்ணைப் பற்றிப் பேசும்போது இரண்டு சொற்களும் 'ஆ'வில் முடியும்: ரென்கொரோசா, ரெசென்தீதா.

'தெஸ்பேச்சோ' பெரும்பாலும் காதலில் ஏமாந்தவரின் ஆற்றாமை. அலுவலகச் சண்டைக்கு அது வேண்டாம்.

அப்புறம், சமாதானமாவதற்கு 'அசேர் லாஸ் பாசெஸ்'. பழையதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று சொல்ல 'போர்ரோன் இ குவென்தா நுவேவா'. இது அன்றாடப் பேச்சில் புழங்கும் தொடர், தயங்காமல் பயன்படுத்தலாம்.